பிலாத்துவை வீட்டில் விட்டுப் போவது

மரியநேசனுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, தான் கடல் ஆள் என்பது. மற்றது, தன்னுடைய நாய். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பி முல்லைத்தீவுக் கரையை விட்டு இடம்பெயர்ந்து இரணைமடுக் குளத்தடிக்கு வந்து சேர்ந்தபோது முதலாவது பெருமைக்குப் பலத்த அடி விழுந்தது. அலை அடிக்காத தண்ணீரில் மீன் பிடித்து வயிறு கழுவவேண்டி வந்ததை அவர் ஒரு தற்காலிக ஏற்பாடாகவே வைத்திருந்தார். நாலு வருடமாகியும் "தொழிலுக்குப் போறன்" என்ற சொல் அவர் வாயில் வராது. "உதில ஒருக்கா வலையை நனைச்சுக்கொண்டு வாறன்" என்பார். பிடிபட்ட விராலைத் தூக்கி, பிறக்கவேண்டிய இடத்தில் பிறக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அதையே குழம்பு வைத்தால் சட்டியை வழித்துத் துடைத்துச் சாப்பிடுவார். அது வேறு கதை.

இரண்டாவது பெருமைக்குப் பெயர் பிலாத்து. உண்மையில் அது மரியநேசனின் பட்டப்பெயர். ஊரில் தவக்காலத்தில் நடந்த திருப்பாடுகளின் நாடகத்தில் அவருக்கு, இயேசுவைச் சிலுவையில் அறையக் கையளித்த ஆளுநர் போஞ்சு பிலாத்துவின் வேடம். கை கழுவுகிற கட்டத்தில் வசனம் மறந்துபோய், கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ "காணும், தோல் உரியப்போகுது" என்று சொல்லும்வரை கழுவினார். அன்றிலிருந்து கரை முழுக்க அவர் பிலாத்து. கலியாணம் பேசப் போன இடத்திலும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. கலியாணமும் சரிவரவில்லை. கடைசியில், வீட்டுக்கு வந்த செவலைக் குட்டிக்குப் பிலாத்து என்று பெயர் வைத்து, பட்டத்தை நாயின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டார். சுவாமியார் இதைக் கேள்விப்பட்டுக் கடிந்துகொண்டபோது, "பாதர், நான் என்ன புனிதருடைய பேரையோ வைச்சனான்?" என்று கேட்டார்.

கரையில் இருந்தவரை பிலாத்துவுக்குத் தனிமை என்றால் என்னவென்று தெரியாது. மரியநேசன் வள்ளத்தில் ஏறினால், அது மணலில் கவிழ்த்து வைத்த தோணியின் நிழலில் மற்ற நாய்களோடு போய்ப் படுத்துக்கொள்ளும். ஆள் போன திசையும் தெரியும், திரும்பி வரும் திசையும் தெரியும், இடையில் யாராவது வலை உதறினால் சூடை மீனும் கிடைக்கும். இரணைமடுவில் அந்த வசதி இல்லை. மரியநேசன் துடுப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையின் வளைவில் திரும்பினால் அவ்வளவுதான். நாயின் கணக்கில் ஆள் உலகத்தை விட்டே போனமாதிரி. குளத்துக்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். பிலாத்து தோணிக்குப் பின்னால் நீந்தி வந்து, காலை வலையில் மாட்டி, பக்கத்தில் விரித்திருந்தவர்களின் வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கரையேறியது. அவர்கள் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதன்பிறகு பிலாத்து வீட்டோடு நின்றது.

கடலுக்குப் போகிறவன் விடைபெறாமல் வேலிப் படலையைத் தாண்டக்கூடாது என்பது மரியநேசன் வீட்டு ஒழுங்கு. தாய் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுவிட, வீட்டிலுள்ள எல்லோருடைய முகத்தையும் பார்த்து "போட்டு வாறன்" என்று சொல்லித்தான் போவார்கள். போனவன் வருவானா மாட்டானா என்பது கடலுக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது தாயும் இல்லை, கடலும் இல்லை. ஆனால் ஒழுங்கு இருந்தது. அரை நாளில் திரும்பி வரப்போகிற குளத்துப் பயணத்துக்கு மரியநேசன் முற்றத்தில் முழங்காலில் நின்று, நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

"பிலாத்து, நான் போட்டு வாறன். பயப்பிடாதை. வீட்டைப் பார். மாதா துணை நிப்பா. எனக்கு ஏதும் நடந்தால் பக்கத்து வீட்டுச் சுப்பம்மாக்கா உனக்குச் சோறு போடுவா. அவவோட சண்டை பிடிக்கக்கூடாது."

நாடகத்தில் மறந்துபோன வசனம் எல்லாவற்றையும் வட்டியோடு சேர்த்து இங்கே பேசித் தீர்த்தார் என்றுதான் சொல்லவேண்டும். சொல்லி முடித்து நாயின் நெற்றியில் சிலுவை போடுவார். நாய் நடுங்கும். ஆகவே இன்னொருமுறை முதலிலிருந்து சொல்லுவார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். வளைவு தாண்டிய பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் அங்கே இருப்பதில்லை.

நடந்தது இதுதான். பிலாத்து முற்றத்தின் நடுவில் உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்தி, நீளமாக ஊளையிடும். அந்த ஒழுங்கையில் நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். குண்டு போட வரும் பொம்பரின் இரைச்சல் மனிதக் காதுக்கு எட்டுமுன் நாய்களுக்கு எட்டிவிடும். வானொலியை நம்பாதவர்கள்கூட நாயை நம்பினார்கள். பிலாத்து தொடங்கியதும் மற்ற நாய்களும் மரியாதைக்குச் சேர்ந்துகொள்ளும். எதிர்வீட்டுச் சிவலட்சுமி புட்டுப் பானையை இறக்கிவிட்டு முற்றத்துப் பங்கர் குழிக்குள் குதிப்பார். அவருக்கு அடுத்த வீட்டுத் தங்கராசா சவரம் செய்த பாதி முகத்தோடு குதிப்பார். எல்லோரும் உள்ளே குந்தியிருந்து வானத்தைக் கேட்பார்கள். ஒன்றும் வராது. "வேற பக்கம் போட்டான்போல" என்று சொல்லிக்கொண்டு வெளியே ஏறி, மிச்ச முகத்தைச் சவரம் செய்வார்கள். அந்த நாட்களில் எங்கேயாவது ஒரு பக்கம் பொம்பர் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆகவே பிலாத்துவின் சொல் ஒருநாளும் பொய்க்கவில்லை.

இதனால் ஒழுங்கையில் பிலாத்துவுக்கு நல்ல பெயர். சிவலட்சுமி மீன் முள்ளுச் சோறு வைத்தார். தங்கராசா ஒருநாள் தன் வாயால் "உம்மட நாய் சாதாரண நாய் இல்லை" என்றார். மரியநேசனுக்குத் தலைகால் புரியவில்லை. குளத்தங்கரையில் வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடம், "கடற்கரை நாய் எல்லோ, காத்திலயே பிடிச்சிடும்" என்று விளக்கம் கொடுத்தார். வலையைக் கிழித்த நாய்தானே என்று அவர்கள் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்தது. காலைப் பூசை முடிந்து வந்து, மரியநேசன் மாமரத்தின் கீழ்ச் சாக்குக் கட்டிலில் சரிந்திருந்தார். கட்டிலுக்குக் கீழே பிலாத்து நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. அப்போது உண்மையான பொம்பர் வந்தது. குளத்துக்கு அந்தப் பக்கக் காட்டில் குண்டு விழுந்து நிலம் அதிர்ந்த பிறகுதான் ஒழுங்கை பங்கரைத் தேடி ஓடியது. நல்லகாலம், எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவசரத்தில் குதித்த சிவலட்சுமிக்குக் கால் பிரண்டு சுளுக்கியதைத் தவிர. பிலாத்து ஒருமுறை கண்ணைத் திறந்து, கட்டிலில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து, திரும்பவும் மூடிக்கொண்டதை மரியநேசனே கண்டார். வெளியில் சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பின்னேரம் அவருடைய படலையில் கூட்டம் கூடியது. தங்கராசாதான் பேசினார். அவரை ஒழுங்கைக்குத் தலைவர் என்று யாரும் நியமிக்கவில்லை. அதனால் அவரை நீக்கவும் முடியாமல் இருந்தது.

"மரியநேசன், ஞாயிற்றுக்கிழமையில உம்மட நாய்க்குக் காது கேக்காதோ?"

மரியநேசன் வாயைத் திறக்குமுன் பக்கத்து வேலிக்கு மேலால் சுப்பம்மா பதில் சொன்னார். சுப்பம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தோடு வன்னிக்கு வந்து குடியேறியவர். தோட்டம் செய்து, ஆடு வளர்த்து, தனியாக இருந்தார். வாயைக் கொடுத்துத் தப்ப முடியாத மனுசி.

"அதுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அது பொம்பருக்கு அழுவலீங்க. தம்பி வளைவுல திரும்புனா அழுவுது. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப ஏன் அக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார் தங்கராசா.

"நீங்க எல்லாரும் குழிக்குள்ள இருந்தீங்க. யாருகிட்ட சொல்றது?"

ஒரு மனிதன் மீன் பிடிக்கப் போனதற்காகத்தான் இவ்வளவு நாளும் புட்டுப் பானையை இறக்கிவிட்டுக் குதித்தோமா என்று சிவலட்சுமி பிரண்ட காலைப் பார்த்தார். மரியநேசனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், நாய் தனக்காகத்தான் அழுகிறது என்ற சந்தோசமும் கொஞ்சம் இருந்தது. முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

தங்கராசா விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார். "இதில பகிடி இல்லை. இனி நாய் ஊளையிட்டால் மரியநேசன் குளத்துக்குப் போறான் எண்டு நாங்கள் அடுப்படியில இருப்பம். அண்டைக்கு உண்மையாப் பொம்பர் வந்தால் பிறகு ஆரைக் கேக்கிறது? என்ர மச்சான் ஜெயபுரத்தில கச்சான் கடலை போட்டிருக்கிறார். பண்டி வந்து கிண்டுதாம், காவலுக்கு நாய் தேடுறார். விதைநெல்லு ஏத்த ரக்டரில வருவார். அதுக்கிடையில நாயின்ர வாயை அடக்கும். இல்லாட்டி அவரோட அனுப்பும்."

அதில் பிழை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மரியநேசன் தலையாட்டினார். கரையிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் உயிரோடு மிஞ்சியது பிலாத்து ஒன்றுதான். அதைப் பன்றிக் காவலுக்கு அனுப்ப மனம் வரவில்லை. குளத்துக்குப் போகாமல் வீட்டில் நிற்கவும் முடியாது. அடுப்பு எரியவேண்டுமே.

முதலில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கட்டிப் பார்த்தார். பிலாத்து கயிற்றைக் கடித்தறுத்து, ஒரு முழம் கயிற்றோடு ஒழுங்கையில் நின்று ஊளையிட்டது. கொட்டிலுக்குள் விட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தார். தென்னோலைக் கிடுகைப் பிய்த்துத் தலையை வெளியே நீட்டி ஊளையிட்டது. பிறகு விடைபெறும் நேரத்தைக் கூட்டி, இன்னும் விளக்கமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குப் படலையைத் திறக்குமுன்பே ஊளை தொடங்கிவிட்டது.

வேலிக்கு மேலால் சுப்பம்மா பொறுக்கமுடியாமல் கேட்டார். "ஏன் தம்பி, இப்புடி எழவு வீடு மாதிரி அழுதுக்கிட்டு நின்னா நாய் என்னா, மனுசனே பயந்துருவான். நான் தோட்டத்துல பிள்ளைக்காம்பரால ஆயாவா இருந்தவ. சொல்றதக் கேப்பீங்களா?"

தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. சுப்பம்மா அங்கே எத்தனையோ பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து வாங்கியிருக்கிறார். மனிதப் பிள்ளைக்கான வைத்தியத்தை நாய்க்குப் பார்ப்பதா என்று மரியநேசன் யோசித்தார். ஆனால் ரக்டர் வரப்போகிறது. "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்றார்.

முதல் பாடம், வெளிக்கிட்டுவிட்டுப் போகாமல் இருப்பது. மரியநேசன் தொப்பியைப் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தார். பிலாத்து நடுங்கியது. அவர் எழுந்து துடுப்பை வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தொப்பி, துடுப்பு, தேத்தண்ணி. ஒழுங்கையால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கடல் போன கவலையில் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று குளத்தடியில் கதை பரவியது. அடுத்த நாள் பிலாத்து துடுப்பைக் கண்டு கொட்டாவி விட்டது. "பாத்தீங்களா" என்றார் சுப்பம்மா.

இரண்டாவது, படலைவரை போய்த் திரும்புவது. பிறகு வேலி முடிவுவரை, பிறகு வளைவுவரை. திரும்பி வந்ததும் நாய் மேலே பாயும். அதைக் கொஞ்சாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க் கை கழுவவேண்டும் என்பது சுப்பம்மாவின் கட்டளை. கை கழுவுவதில் மரியநேசனுக்கு அனுபவம் இருந்தது. முகத்தைத் திருப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. போகும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் மீன் தலையை இறுக்கி அடைத்து வைக்கவேண்டும். கழுவாத சட்டை ஒன்றை மாமரத்தடியில் போடவேண்டும். பிள்ளைகளுக்கும் அப்படித்தானாம், தாயின் பழைய சேலைத் துண்டு ஒன்று தொட்டிலில் கிடக்குமாம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலை, தங்கராசா தன் வேலிக்குள்ளிருந்து, "என்ன மரியநேசன், வெளிக்கிட்டாச்சோ?" என்று பலமாகக் குசலம் விசாரித்தார். பிலாத்து உடனே தொடங்கியது. சிவலட்சுமி பிரண்ட காலோடு பங்கரில் இறங்கினார். உள்ளே போன பிறகு தங்கராசாவைப் பற்றி அவர் சொன்னது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

மூன்றாவது பாடத்தில்தான் மரியநேசன் இடறினார்.

"நாளைக்கு நெசமாவே போகணும்," என்றார் சுப்பம்மா. "மண்டி போடக்கூடாது. சிலுவை போடக்கூடாது. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. மூஞ்சியப் பாக்காம போயிரணும்."

"அது என்னால ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது?"

மரியநேசன் வேலிக்கு நட்ட கதியாலின் பட்டையைச் சுரண்டினார். பிறகு சொன்னார். "எங்கட வீட்டில ஒருத்தன் அப்பிடித்தான் போனவன்."

அவருக்கு ஒரு தம்பி. தொண்ணூறில், சண்டை திரும்பத் தொடங்கிய கையோடு, வீட்டில் எவருக்கும் சொல்லாமல் மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டான். மண்டபம் அகதி முகாமில் கண்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். "அம்மா சாகுமட்டும் ஒண்டையேதான் கேட்டவா. என்ர முகத்தைக்கூடப் பாராமல் போட்டானே, எனக்கு ஒரு சொல் சொன்னால் என்ன எண்டு. அந்தச் சொல்லை நான் ஆரிட்டக் கேட்டு வாங்கிக் குடுக்கிறது? எனக்கு இப்ப தம்பி எண்டு ஒருத்தரும் இல்லை."

இந்த ஒழுங்கைக்கு வந்த நாலு வருடத்தில் தம்பி என்ற கதையை அவர் எடுத்ததே இல்லை. சுப்பம்மா "ரக்டரு நாளைக்கு வருதாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை வெட்டப் போனார்.

மறுநாள் காலை மரியநேசன் சிரட்டையை வைத்தார், கழுவாத சட்டையை மாமரத்தடியில் போட்டார். பிலாத்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் பார்க்கவில்லை. பார்த்தால் முழங்கால் தானாக மடங்கிவிடும் என்று தெரியும். படலையைச் சாத்தினார், சைக்கிளில் ஏறினார், வளைவில் திரும்பினார். திரும்பியதும் கால் மிதிக்க மறுத்தது. இறங்கி, ஒரு பூவரசைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். ஊளை இல்லை. ஒழுங்கையில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாய்க்காக இப்படி அழுவதை யாராவது கண்டால் மானம் போகும் என்பதால் துடுப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டே அழுதார். குளத்துக்குப் போயும் வலையில் மனம் செல்லவில்லை.

மத்தியானம் திரும்பியபோது ரக்டர் வந்துபோன தடம் ஒழுங்கையில் கிடந்தது. மரியநேசன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். படலையைத் திறந்தார். மாமரத்தடியில், சட்டைக்கு மேலே, பிலாத்து சிரட்டையை நக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி, வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது.

சுப்பம்மா வேலிக்கு வந்தார். "தங்கராசாவோட மச்சான் வந்து படலைல நின்னு பாத்தாரு. இது கொலைக்கவும் இல்ல, ஊளை விடவும் இல்ல, படுத்தே கெடந்துச்சு. வாயத் தொறக்காத நாயி பண்டிக்கு ஆவாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மரியநேசன் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். அவரோ கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். "என்னைத் தேடவே இல்லையோ அக்கா?" என்று கேட்டார்.

"தேடாம? சட்டைய வாயில கவ்விக்கிட்டு மூணு சுத்துச் சுத்துச்சு. அப்பறம் படுத்துச்சு."

"எண்டாலும், ஒரு சொல் சொல்லாமல் விட்டுட்டுப் போறது கல்நெஞ்சுக்காரர் செய்யிற வேலை. அந்தத் தோட்டத்துத் தாய்மார் எப்பிடித்தான் போனவையோ."

சுப்பம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "அழுவாம போனாங்கன்னு யாரு சொன்னா? காம்பரா வாசல்ல நின்னு அழுதா பிள்ளை விடாது. தாயும் போகமாட்டா. அதனால மூஞ்சியத் திருப்பிக்கிட்டு விறுவிறுன்னு போயிருவாங்க. அப்பறம் தேயிலைக்குள்ள நின்னு, பிள்ளைக்குக் கேக்காத தூரத்துல, கொழுந்துக் கூடைய மாட்டிக்கிட்டு அழுவாங்க. நான் எத்தன பேரப் பாத்துருக்கேன்."

மரியநேசன் தன் கையைப் பார்த்தார். காலையில் பூவரசைப் பிடித்துக்கொண்டு நின்ற கை அது. முகத்தைப் பார்த்திருந்தால் தன்னால் இன்று படலை தாண்டியிருக்க முடியாது. மன்னாருக்குப் போகிற வழியில் எந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன் வாயைப் பொத்தி நின்றிருப்பான் என்று அவர் அதுவரை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நாலு வருடம் கோபத்தை வளர்த்ததில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, கொட்டில் கோயிலில் பூசைக்கு முன், மன்றாட்டுக்குப் பெயர் கொடுக்கிற வரிசையில் மரியநேசன் போய் நின்றார். தாயின் நினைவு நாளைத் தவிர வேறு எதற்கும் அவர் அந்த வரிசையில் நின்றதில்லை.

"ஆருக்கு மரியநேசன்?" என்று கோயில் மூப்பர் கேட்டார்.

"றொனால்ட்டுக்கு."

"செத்தவரோ, இருக்கிறவரோ?"

"இருக்கிறவன். என்ர தம்பி."

"உமக்குத் தம்பி இருக்கெண்டு எனக்குத் தெரியாதே."

"இருக்கிறான்," என்றார் மரியநேசன். "அம்மா அழுவா எண்டுதான் சொல்லாமல் போனவன்."